கலர் ஷீட்டும் வெள்ளிக்கிழமைத் தண்ணீரும்

நான் ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரையில் வருவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, குடித்திருக்கிறேன். என் லெப்டொப் பழசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே லெப்டொப்பில்தான் எங்கள் வயல் வட்டையின் தண்ணீர்முறைப் பட்டியலை நான்கு போகம் போட்டேன். அப்போதெல்லாம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. பவுடர் பூசி, மாலை போட்டு, மாப்பிள்ளைக் கோலம் கட்டிய பிறகுதான் அதற்கு நடக்க ஏலாமல் போனது.

நான் கல்முனையில் கணக்குப் படிப்பிக்கிறேன். மாவடிப்பள்ளிப் பக்கம் வாப்பா விட்டுப்போன கொஞ்ச வயல் உண்டு. கொம்பியூட்டர் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கோடை வெள்ளாமையில் வாய்க்கால் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காணாது. யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று முறை போட வேண்டும். விரிதாளின் ஒரு பக்கத்தில் நான் பெயரையும் ஏக்கரையும் கொடுப்பேன், மறு பக்கத்தில் அது பட்டியலாக்கித் தரும். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, நாலு கோடு. அதைப் பள்ளிவாசல் பலகையிலும் உரக்கடைச் சுவரிலும் ஒட்டுவேன்.

வட்டையில் பாதி வயல் எங்கள் முஸ்லிம் ஆட்களுடையது, பாதி காரைதீவுத் தமிழ் ஆட்களுடையது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எங்களில் ஒருவருக்கு முறை வந்தால், அதை ஒரு தமிழ் ஆளுக்கு மாற்றிக் கொடுப்போம். அவர்களுக்குக் கோயில் திருவிழாவன்று வந்தால் நாங்கள் எடுத்துக்கொள்வோம். எழுத்தில் எங்கும் இல்லாத ஏற்பாடு இது. இரண்டு ஊரும் முகம் பார்த்துப் பேசாத காலத்திலும் இந்த மாற்று நிற்கவில்லை என்று வாப்பா சொல்லுவார்.

இந்தப் போகத்து முதல் கூட்டத்தில், வாய்க்காலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சேர் இது, மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு? கொஞ்சம் வடிவாச் செய்யுங்களன். கிராஃப் போடுங்க. மேல அனுப்பக்குள்ள பாக்கிறவங்களுக்கு ஒரு இது வரணும்."

அந்த 'ஒரு இது'வுக்காக அவரே ஒரு ஃபைல் அனுப்பினார். பின்னணியில் நெற்கதிர்ப் படம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கலர், மணிநேரம் கூடக் கூட அந்தக் கலர் கடுமையாகும். பக்கத்தில் நாளுக்கொன்றாக முப்பரிமாணத் தூண்கள், தூண்களுக்கு நிழல் வேறு. தண்ணீர் தேடி நிற்கும் வயலுக்குத் தூணின் நிழல் எதற்கு? கேட்டேன். சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன், அது என் முதல் முட்டாள்தனம்.

அந்த ஃபைல் என் உயிரை வாங்கியது. ஒரு பெயரை மாற்றினால் வட்டம் சுற்றும், திரை வெளுக்கும், தூண்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைக்கும். ஒரு வியாழக்கிழமை அசர் தொழுகைக்கு முன் உட்கார்ந்தவன், மஃரிப் பாங்கு சொல்லியும் பாதி வேலை முடிக்கவில்லை. மேசையில் குத்தினேன். உம்மா உள்ளே இருந்து "என்ன மகன் உடஞ்ச?" என்றா. உத்தியோகத்தருக்குப் போன் போட்டேன்.

"ஒட்டோ கல்குலேஷன நிப்பாட்டி விடுங்க சேர், பறக்கும்" என்றார்.

நிறுத்தினேன். பறந்தது. மாற்றங்கள் முடிந்ததும் ஒரு பொத்தானை அமத்தினால்தான் அது மறுபடி கணக்குப் பார்க்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியார் நான்!

அந்த வாரம் வெள்ளி பதினொன்றிலிருந்து மூன்று வரை எங்கள் ஆள் ஒருவருக்கு முறை. வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யும் ஒரு காரைதீவு அண்ணனுக்கு ஞாயிறு. இருவரையும் மாற்றினேன். ஞாயிறு இடத்தில் எங்கள் ஆளின் பெயரை நானே கையால் தட்டியதால் அது மாறிவிட்டது. வெள்ளி இடம் கணக்கில் வருவது, அது பழையபடி அசையாமல் நின்றது. எங்கள் ஆளின் பெயர் இரண்டு தரம் விழுந்தது, அண்ணனின் பெயர் எங்குமே இல்லை. அந்தக் கலர் கும்மாளத்தில் அது என் கண்ணில் படவில்லை, அப்படியே ஒட்டிவிட்டேன்.

முன்பெல்லாம் இரண்டு பேரையும் நேரில் கண்டு கேட்டுத்தான் மாற்றுவேன். இந்த முறை ஷீட்டோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விட்டது. எங்கள் ஆளுக்கு மட்டும் போனில் சொன்னேன். அண்ணன் பட்டியலைப் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஜும்ஆ முடிந்து, வீட்டில் சாப்பிட்டு எழும்பி, மூன்று மணிக்குக் கிட்டப் போனை எடுத்தால், அண்ணனிடமிருந்து மூன்று அழைப்புகள். மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனேன். அவர் வரம்பில் குந்தியிருந்தார். வயல் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நின்றது, மண் வெடித்திருந்தது. அவருடைய வயலுக்குத் தண்ணீர் விடும் வக்கடை மண் போட்டு அடைத்தபடியே இருக்க, பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து, யாருக்கும் உதவாமல் வடிச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணன் திறக்கல்ல?" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்ற அறிவுகூட இல்லை.

"பேப்பர்ல என்ட பேர் இல்லயே சேர். மாத்தித் தருவீங்கெண்டு நினைச்சன், போன் எடுத்துப் பாத்தன், நீங்க தூக்கல்ல. எல்லாரும் பள்ளியில நிக்கிற நேரம். நான் வெட்டித் திறந்தா, ஆள் இல்லாத நேரம் பாத்துத் தமிழன் தண்ணியக் களவெடுத்தான் எண்டு ஒரு கதை வரும். அந்தக் கதை எனக்கு வேணாம் சேர். தண்ணி போறதப் பாத்துக்கிட்டு இருந்தன்."

நான்கு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த உத்தியோகத்தர் எதிரில் நின்றிருந்தால் அடித்திருப்பேன். பிறகு என்னை யார் அடிப்பது?

எங்கள் ஆள் ஞாயிற்றுத் தண்ணீரில் பாதியைக் கொடுத்தார், அது அண்ணனின் வயலில் மேட்டுப் பக்கம் ஏறவில்லை. என் வியாழக்கிழமை முறையை முழுசாகக் கொடுத்தேன். அதற்குள் மேட்டுக் கதிர்கள் வெளுத்து, பதராய் வெளியே வந்துவிட்டன. அன்று அண்ணனோடு வரம்பில் நிற்கும்போதுதான் வட்ஸ்அப்பில் உத்தியோகத்தரின் குரல் வந்தது. கிராஃப் மிக வடிவாம், மேலே எல்லோருக்கும் பிடித்ததாம். அனுப்பியிருந்த படத்தில் வெள்ளிக்கிழமைத் தூண்தான் எல்லாவற்றிலும் உயரம். அந்த நான்கு மணித்தியாலமும் தண்ணீர் கொடுத்ததாகவே அதில் இருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சேர், இனி ஒரு வெள்ளிக்கு என்ட பேர் பேப்பர்ல கிடந்தா, நான் நம்பித் திறக்கலாமா?"