பொட்டு வைத்த படம்

குணசீலன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சின்ன நாத்தனார் சௌந்திரம் வாயால். கொழுந்தனுக்கு மகன் பிறந்த சேதி சொல்ல வந்தவள், "குணசீலன்னு வெச்சிருக்காங்க அண்ணி, கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள எந்திரிச்சுப் போயிரும்" என்று சிரித்தாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, பழைய படங்களுக்குக் கலர் ஏற்றிப் பெரிதாக்கித் தரும் கடையைப் பரமத்தி வேலூரில் வைத்தான். வருகிற படங்களிலெல்லாம் ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வான். யாரையும் கேட்கமாட்டான்.

போன மார்கழியில் வெற்றிலை மண்டி வேலுசாமி காலண்டருக்கு ஒரு பழைய படம் கேட்டார். வெற்றிலைக் கொடிக்காலில் அண்ணனும் தங்கையும் நிற்கும் படம் ஒன்று அவனிடம் இருந்தது. பிரேமோடு வந்தபோது அதன் கண்ணாடியில் குங்குமப் பொட்டு இருந்தது. செத்தவர்கள் முகத்துக்கு நேரேதான் நாங்கள் பொட்டு வைப்போம். அது அண்ணனுக்கு மட்டும் வைத்தது. இவன் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கேட்க ஆளில்லை என்று எண்ணிவிட்டான். அண்ணனை வெட்டிவிட்டு, வெற்றிலைக் கட்டோடு சிரிக்கும் தங்கையை மட்டும் கொடுத்தான்.

தங்கை மயிலம்மாள் நாமக்கல்லில் உயிரோடு இருந்தாள். வேலூர் வந்தவள் டீக்கடைச் சுவரில் தன்னையே பார்த்தாள். காலண்டரைக் கழற்றிக்கொண்டு, அண்ணன் வீட்டில் அந்தப் படத்தைக் கலர் ஏற்றக் கொடுத்த குணசீலன் கடைக்கு நேரே வந்தாள்.

"இது ஆரு?"

"பழைய படமுங்க. அவிங்க இப்ப இல்லீங்க."

"அப்ப உன்ற முன்னால நிக்கறது பேயாடா?"

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"எங்கண்ணன அறுத்து எறிஞ்சுபோட்டு என்னைய டீக்கடையில தொங்க உட்டிருக்கற. ஆரக் கேட்ட? நாளைக்குப் பொழுது உழறதுக்குள்ள ஒண்ணு வெளிய இருக்கப்படாது. இருந்தா ஸ்டேசனுக்குப் போவேன்."

மண்டியில் ஐந்நூறு காலண்டர் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. வேலுசாமி தரமாட்டேன் என்றார். "படம் என்னுதுன்னு நீதானப்பா சொன்ன? எடுத்தவருகிட்ட உரிமைய எழுதி வாங்கியா, அந்தம்மா என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்."

மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் சேலம் அஸ்தம்பட்டிக்கு ஓடினான். பிரேமைக் கழற்றியபோது படத்தின் பின்னால் அவன் பார்த்திருந்த முத்திரைக்காரர், படம் எடுத்த அங்கமுத்து, அங்கேதான் இருந்தார், எண்பது தாண்டியவர்.

"நீங்க எடுத்த படந்தானுங்க. இதுல இருக்கற அந்தம்மா வந்து சண்டை போடறாங்க. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"அவங்கண்ணன் கூலி குடுத்து எடுக்கச் சொன்னாரு. அது அந்த ஊட்டுச் சொத்து. எனக்கே இல்லாத உரிமைய உனக்கு எப்படி எழுதித் தருவேன்? அந்தப் புள்ள உசுரோட இருக்குதில்ல? எங்கிட்ட எதுக்கு வந்த?"

மத்தியானம் மண்டிக்குத் திரும்பி, "படம் என்னுது இல்லீங்க, பொய் சொன்னேன்" என்றான். வேலுசாமி திட்டிவிட்டுக் கட்டுகளைக் கொடுத்தார். வெளியே போயிருந்த நாற்பதையும் கடை கடையாக ஏறி வாங்கினான். சலூன்காரர் ஒருவர், "லட்சுமிகரமா இருக்குது, தரமாட்டேன்" என்று சிரித்தார். அவரிடம் கைகூப்பி நிற்கையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கடைக்கு வந்த மயிலம்மாள் காலண்டர்களை எண்ணிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டி, "பொட்டிக்குள்ள இருக்கறது?" என்றாள். அவள் கண்ணெதிரே அழித்தான்.

சேதி பரவிற்று. "எங்க ஊட்டுப் படத்தையும் அழி" என்று ஆட்கள் வந்தார்கள். புதிதாகக் கொடுக்க யாரும் வரவில்லை. சித்திரைக்குள் கடையை மூடினான்.

குணசீலன் இப்போது நாமக்கல்லில் ஆதார் அட்டைக்கு, ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் படம் பிடிக்கும் இடத்தில் வேலை செய்கிறான்.