பதில் வராத பிஸஹா

புத்தகத்தில் இட்டோ பேசமாட்டாள். மௌன விரதம் பூண்ட மலைநாட்டுக்காரி, கையால் தொட்டே அடுத்தவர் துக்கத்தை அறிந்துவிடுகிறவள் என்று எழுதியிருக்கிறதாம். ஃபெஸ் நகரத்தில் எங்கள் தெருப் பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் குளியலறைச் சுவர் அதிர்ந்தது.

என் பெயர் ஹனியா. ஹஜ்ஜா பத்தூல் நடத்தும் ஹம்மாமில், அதாவது பெண்களுக்கான பொதுக் குளியல் கூடத்தில், வாசலை ஒட்டி உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உள்ளே சூடான அறையில் கறுப்புச் சோப்பைப் பூசி, முரட்டுக் கையுறையால் அழுக்கை உருட்டி எடுப்பது இட்டோவின் வேலை. கல்யாணமாகி மலையிலிருந்து இறங்கி வந்தவள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். ஒரு வாரம் அழுதாள், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள். அன்றைக்குத் திறந்த வாய், மூடவேயில்லை.

முதுகு தேய்த்து முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுக்க வந்துவிடும். மகனுக்குப் பெண் தேடுகிறவர்கள் முதலில் வந்து விசாரிப்பது அவளிடம்தான்.

"பொண்ணு எப்படி இட்டோ?"

"முதுகுல ஒரு மச்சம் இருக்கு, மனசுல ஒண்ணும் கிடையாது. தாராளமா கட்டி வைங்க. உங்க பையன் குறட்டை விடுறத மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

லிஸ்பெத் என்ற டச்சுக்காரி வந்தது ஒரு மழைக்காலத்தில். தாயைப் பறிகொடுத்த துக்கத்தில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாளாம். அவளைத் தேய்க்கும்போது இட்டோ ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தப் பாஷையில் பேசுவது? பாதியில் லிஸ்பெத் அழத் தொடங்கினாள். தோல் எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து இட்டோ கையைக் கொஞ்சம் லேசாக்கினாள். கடைசியில் துண்டைச் சுற்றிவிட்டு, எல்லோருக்கும் சொல்கிறபடி, "பிஸஹா" என்றாள்.

குளித்து வந்தவளுக்கும், முடி வெட்டி வந்தவனுக்கும், புதுச்சட்டை போட்ட பிள்ளைக்கும் நாங்கள் சொல்லும் சொல் அது. உன் உடம்பு சுகமாக இருக்கட்டும் என்று அர்த்தம். கேட்டவர் உடனே "அல்லா யாத்தீக் ஸஹா" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சுகத்தை இறைவன் உனக்கும் தரட்டும் என்று அர்த்தம். லிஸ்பெத்துக்கு அது எங்கே தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு, இட்டோவின் கையைப் பிடித்து இன்னொரு மூச்சு அழுதாள். ஊருக்குப் போய், 'பிஸஹா' என்றால் 'விட்டுவிடு' என்று அர்த்தம், அந்த ஒரு சொல்லில் என் தாயை விட்டேன், என்னைக் கண்டடைந்தேன் என்று புத்தகம் எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரப் பெண்கள் வரிசைகட்டி வந்தார்கள். கூட்டி வருகிறவன் அல்லால் என்கிற வழிகாட்டி. பெண்கள் குளிக்கும் இடம் என்பதால் வாசல் திரைக்கு வெளியே நின்றுகொள்வான். ஹஜ்ஜா பத்தூலுக்குத் தலைகால் புரியவில்லை. இட்டோவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அவங்க முன்னாடி நீ வாயத் திறக்கக் கூடாது. கடைசில அந்த ஒரு சொல்லு மட்டும்தான். மீறிப் பேசினே, நாளையிலேர்ந்து வரவே வேண்டாம்."

"நான் என்ன ஊமையா ஹஜ்ஜா?"

"புத்தகத்துல ஊமைதாண்டி."

பேசாமல் இருப்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பெண்கள் ஒருத்திகூடப் பதில் சொல்வதில்லை. பிஸஹா என்றதும் கண்ணை மூடுகிறாள், நெஞ்சில் கையை வைக்கிறாள், போய்விடுகிறாள். இட்டோவின் மணிக்கட்டுகள் வீங்கத் தொடங்கின. ஈரத்திலேயே கிடக்கும் கை வீங்கத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"சுகத்த நாள்பூரா எடுத்து எடுத்துக் குடுக்குறேன் ஹனியா. ஒருத்தியாவது திருப்பித் தர்றாளா? எங்கிட்ட இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும்னு நெனைக்கிற?"

இரண்டாவது புத்தகம் எழுத லிஸ்பெத் திரும்பி வந்தாள். அன்றைக்கு ஹஜ்ஜா ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். குளியல் முடிந்து இருவரும் நான் உட்கார்ந்திருந்த வெளியறைக்கு வந்தார்கள். இட்டோ, "பிஸஹா" என்றாள். லிஸ்பெத் கண்ணை மூடினாள். இட்டோ நகரவில்லை.

"ஹனியா, வெளியில நிக்கிறானே அந்தத் தடியன், அவன்கிட்ட சொல்லு. இவளை எனக்குப் பதில் சொல்லச் சொல்லு. இவதானே ஆரம்பிச்சு வச்சா, இவளே சொல்லட்டும்."

நான் திரைக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னேன். அல்லால் தலையில் கை வைத்தான்.

"பேசிட்டாளா? ஐயோ, என் பொழப்புல மண்ணு!"

"பேசிட்டா. பதில் வேணுமாம். ஒழுங்கா எடுத்துச் சொல்லு."

திரைக்கு வெளியே நின்று இங்கிலீஷில் என்னவோ கத்தினான். 'அந்தச் சொல்லை உன்னிடமிருந்து எதிர்பார்க்கிறாள்' என்றுதான் சொன்னானாம், அதில் பொய் எதுவும் இல்லையாம். பிற்பாடு என்னிடம் சத்தியம் பண்ணினான். லிஸ்பெத்தின் முகம் மலர்ந்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு இடது மணிக்கட்டைத் திருப்பி நீட்டினாள். நரம்பின் மேல் எங்கள் எழுத்தில் பச்சை குத்தியிருந்தது.

இட்டோவுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பள்ளிவாசல் வகுப்பில் எழுத்துக் கற்றவள். கூட்டிப் படித்தேன். "பிஸஹா."

"அல்லா யாத்தீக் ஸஹா," என்றாள் இட்டோ.

அவள் நினைத்துச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லி வந்த வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தாள்.

"பாத்தியா ஹனியா? இப்பவும் நான்தான் குடுத்தேன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். லிஸ்பெத்துக்கு எதுவும் புரியவில்லை. இட்டோவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கெட்டவள் இல்லை. சொல்லத் தெரியாதவள், அவ்வளவுதான். இட்டோ கையுறையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

இப்போது அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடுகிறவர்கள் குடியிருக்கும் பேட்டையில் ஒரு பழைய ஹம்மாமில் தேய்க்கிறாள். அங்கே வரும் எவளும் புத்தகம் எழுத மாட்டாள். ஹஜ்ஜாவோ வாய் திறக்காத ஒருத்தியைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறாள். வெள்ளைக்காரிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு இங்கே இலவசக் குளியல் உண்டு. இருந்தும் வியாழக்கிழமை தோறும் ஆற்றைக் கடந்து அங்கே போகிறேன். முதுகைத் தேய்த்துக்கொண்டே அந்தப் பேட்டையின் வம்பு முழுவதையும் கொட்டுவாள். காது வலிக்கும். கடைசி வாளியை ஊற்றிவிட்டு, "பிஸஹா" என்பாள்.

"அல்லா யாத்தீக் ஸஹா," என்பேன்.

"அந்த லிஸ்பெத்தோடதையும் நீயே சொல்லிடு."

இன்னொரு தடவை சொல்வேன்.