காளவாய்க்கு ஒரு மூடி

திருவொற்றியூரில் காலையில் மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் பழுப்பாக இறங்கும். தொழிற்சாலைப் புகை கொண்டுவரும் அந்தக் கரியை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விரலால் தொட்டுப் பார்க்கலாம், வாய் நிறையத் திட்டலாம். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. நிறம் கிடையாது, நாற்றம் கிடையாது, கண்ணைக்கூட எரிக்காது. அதனால் எங்கள் பக்கம் அதற்கு மரியாதையும் கிடையாது. அதற்குக் கொஞ்சம் மரியாதை வாங்கித் தரக் கிளம்பியவள் நான். பூமியைக் காப்பாற்றத்தான் கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்பினேன்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த புதிது. ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக டெம்பரவரி. ஏப்ரல் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், ஜூனில் கூப்பிட்டால் வர வேண்டும். அந்த மே மாதங்களில் போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பேன். ஒருநாள் கரஸ்பாண்டன்ட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "வட்டார அறிவியல் கண்காட்சியில நம்ம ஸ்கூல் முதல் பரிசு வாங்கட்டும் டீச்சர். மறுநாளே உங்களைப் பெர்மனென்ட் ஆக்கி ஆர்டர் கொடுத்துடறேன்" என்றார்.

பூமி சூடாகிறது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்திருந்த காலம் அது. மற்ற பள்ளிக்காரர்கள் தெர்மாகோலில் மரம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சுவரைப் பிடித்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் இல்லையா, அந்தச் சுண்ணாம்பு வெறும் வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டுதான் அது மறுபடி கல்லாகிறது. அப்படியென்றால் வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வடசென்னை முழுக்கக் காற்றைச் சுத்தம் செய்துகொண்டல்லவா இருக்கிறது! இதை யோசித்த அன்று நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டு மீன் தொட்டிகள் வாங்கினேன். ஒன்றின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியது, இன்னொன்று வெறும் கண்ணாடி. இரண்டிலும் மெழுகுவர்த்தி ஏற்றி மூடிவிட வேண்டும். சுடர் அணைந்து சில மணி நேரம் கழித்து, சிரிஞ்சால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட வேண்டும். வெறும் தொட்டியின் காற்றுக்கு நீர் பாலாக மாறும். பூசிய தொட்டியின் காற்றுக்கு மாறவே மாறாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் செய்து பார்த்தேன். நான் சொன்னபடியே நடந்தது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருடைய குடும்பத்துக்கு முகத்துவாரக்குப்பத்தில் ஒரு காலத்தில் காளவாய் இருந்தது. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு எரித்துச் சுண்ணாம்பு எடுக்கும் சூளை அது. தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தவரும் அவர்தான். நான் பூசியதைப் பார்த்துவிட்டு, "இது இன்னா டீச்சர், தோசைக்கு மாவு தடவுற மாரி கீது" என்று சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டிலும் நான் டீச்சர்தான் அவருக்கு.

கண்காட்சி டிசம்பரில், பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். ஷேர் ஆட்டோவில் அவர் மடியில் ஒரு தொட்டி, என் மடியில் ஒரு தொட்டி. எங்கள் மேஜைக்கு மேலே 'வெள்ளையடிப்போம், பூமியைக் காப்போம்' என்று பேனர். பக்கத்தில் பெரிய சார்ட். அதில் காற்றிலிருந்து சுவருக்கு வரும் ஒரு தடித்த சிவப்பு அம்பு. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சலவைச் சட்டையில் விறைப்பாக நின்றார்கள். காலையிலேயே மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய தொட்டிகள் தயாராக இருந்தன. நடுவர்கள் மூன்றாவது மேஜையில் இருந்தார்கள். எங்களுடையது ஏழாவது.

சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், ஒரு அம்புதான் கீது. இன்னொண்ணு எங்க?"

"எந்த இன்னொண்ணு?"

"காளவாய்லருந்து மேல போறது. கிளிஞ்சல் உள்ள போறப்ப கூடைய ரெண்டு பேரு தூக்குவோம். வெந்து வெளிய வர்றப்ப அதே கூடைய ஒருத்தனே தோள்ல வெச்சினு போயிடுவான். மீதி எடை எங்க போச்சு? மேலதான் போச்சு."

சார்ட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது ஒன்பதாம் வகுப்புப் பாடம். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை வேறொரு சீனியர் டீச்சர் எடுத்தார். அவர் தன் வகுப்பில் சுட்டார், நான் என் வகுப்பில் பூசினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காளவாயில் போனதைத்தான் சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கூடவே எரிந்த கரியின் புகை வேறு. என் சுவர் பூமிக்குச் செய்த உபகாரம் ஒன்றுமில்லை, உபத்திரவம்தான் கொஞ்சம் மிச்சம்.

"யோவ், இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீ நேத்து கேக்கலியே." பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "வுடு டீச்சர். நா வாயத் தொறக்க மாட்டேன். ஜட்ஜு இன்னா காளவாயாண்ட போயி நின்னு பாத்தாரா?" என்றார்.

நடுவர்களில் ஒருவர் கல்லூரியில் ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர்தான் பேசினார். நீர் பாலானதையும் ஆகாததையும் இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். "ரொம்ப எளிமை, ரொம்ப அருமை" என்று சொல்லிவிட்டு எழுதினார். அடுத்த மேஜைக்குத் திரும்பினார். அவ்வளவுதான், வேலை கைக்கு வந்துவிட்டது. சும்மா நின்றிருந்தால் போதும்.

ஆனால் எதிரே என் ஐந்து பிள்ளைகள் நின்றார்கள். சமன் செய்யாத சமன்பாட்டுக்கு ஒரு மார்க்கைக்கூட விட்டுக்கொடுக்காத ராட்சசி என்று அவர்களிடம் பெயர் வாங்கியவள் நான். அழுத பிள்ளைக்குக்கூட அரை மார்க் போட்டதில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் காளவாய் ஒன்றை வரைந்து, அதிலிருந்து மேலே போகும் அம்பைப் போட்டேன். கூடைக் கணக்கையும் சொன்னேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அப்போ இதனால என்னதாம்மா பிரயோஜனம்?"

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். "காளவாய்க்கு ஒரு மூடி போடணும் சார். மேல போறத அங்கியே புடிச்சி வெச்சிக்கினா, செவுரு குடிக்கிறது லாபம்தானே?"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. அந்த மூடியைத்தான் பெரிய பெரிய விஞ்ஞானிகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், முதல் பரிசு சோடா உப்பில் பொங்கிய ஓர் எரிமலைக்குப் போனது என்பதுதான்.

திரும்பும்போது ஆட்டோவில் மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு அழுதேன். "என் வாயாலதான் கெட்டுது" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பொய்க்கோபம் இல்லை, நிஜமாகவே பேசவில்லை. பொங்கலுக்கு அவர் தனியாகவே வீட்டுக்கு வெள்ளையடித்தார். ஈரச் சுவரில் விரலால் ஓர் அம்பு கீழே, ஓர் அம்பு மேலே. "சமமா கீதா பாரு டீச்சர்" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரலில் வழக்கம்போல வீட்டுக்கு வந்தேன். மே மாதம் முழுக்கப் போன் அடிக்கவில்லை. ஜூன் முதல் வாரம் கரஸ்பாண்டன்டே கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்பு டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டாராம். போய் நின்றதும் பெர்மனென்ட் ஆர்டரை நீட்டிவிட்டு, "இனிமே சுடறதும் பூசறதும் நீங்களே பண்ணுங்க டீச்சர். தனித்தனியா விட்டா ஸ்கூல் பேரு கெடுது" என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க, "இதுக்கு இன்னொரு அம்பு எங்க கீது?" என்றார். கடைசி வரியைக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு மூன்று பிரிவுகளும் பத்தாம் வகுப்போடு சேர்த்து என் தலையில் கட்டப்பட்டிருந்தன.

சுண்ணாம்புப் பாடம் வந்த அன்று அவரை லீவு போடச் சொன்னேன். காலை முதல் பீரியடுக்கே வந்துவிட்டார், தோளில் காளவாய்க் கூடையோடு.