கொள்ளிடக்கரை டவரில் மூன்று இழுப்பு

காத்தானுக்கு ரெண்டு தோளும் கழன்று விழுகிற மாதிரி வலி. பத்து நாளாகக் கயிறு இழுத்த தோள். அந்த வலியோடுதான் அன்றைக்கு நின்றான். தூக்கக் கலக்கம் இல்லை, குடிக்கவும் இல்லை. இது நடந்தது. நம்பாதவர்கள் அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளலாம்.

போன மார்கழி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரையில் ஐம்பது மீட்டர் செல்போன் டவர். வெள்ளத்தில் கேபிள் அறுந்தாலும் கரையோரத்துப் போன்கள் சாகக்கூடாது என்று, நேராகச் சாட்டிலைட்டோடு பேசும் புதுத் தட்டு ஒன்றை உச்சியில் மாட்ட வேண்டும். கப்பி, கயிறு, கேபிள் எல்லாம் முந்தின நாளே ஏற்றியாச்சு. சாட்டிலைட் தலைக்கு மேல் கடப்பது காலை 6:19. ஏறுவது மன்சூர். கீழே கயிறு பிடிப்பது காத்தான்.

5:52. காத்தான் போனபோது, மஞ்சள் ஹெல்மெட் ஏணியில் பாதி தூரம் போயிருந்தது.

“பாய், டீ குடிக்காமலேயா?”

கை மட்டும் அசைந்தது. பனி மூடிக்கொண்டது. ஏறுகிறவன் படிக்குப் படி பெல்ட் கொக்கியை மாட்டினால் ‘டிக்... டிக்...’ என்று கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை.

மேலே கத்தினால் கீழே காதில் விழாது. அதனால் கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு, தூக்கு. ரெண்டு, நிறுத்து. மூன்று என்றால், முடியவில்லை, கயிற்றில் என்னைக் கட்டிக்கொண்டேன், இறக்கிவிடு. மூன்று வந்தபின் கீழே நிற்பவன் செத்தாலும் கயிற்றை விடக்கூடாது.

6:04. ஒரு இழுப்பு. தட்டை ஏற்றினான். ரெண்டு இழுப்பு. நிறுத்தினான். கயிறு லேசானது.

6:19. கே.கே. நகர் ஆபீசிலிருந்து என்ஜினீயர் பிரவீன்ராஜ் போன்.

“அண்ணே, சாட்டிலைட் பிடிச்சிருச்சு. இந்தத் தடவை பாய்க்கு நாமதான் பிரியாணி போடணும்.”

6:21. ஒன்று... இரண்டு... மூன்று.

ஒரு ஆள் கனம் கயிற்றில் இறங்கியது. காத்தான் டவர் காலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தான்.

“விடமாட்டேன் பாய். பயப்படாதீங்க.”

முழம் முழமாக இறக்கினான். பத்து... பதினைந்து...

பின்னால் ஸ்கூட்டர் சத்தம்.

“என்னண்ணே, நான் வர்றதுக்குள்ள கயித்தோட மல்லுக்கட்டுறீங்க? புத்தூர்ல பஞ்சர்.”

மன்சூர். கையில் டீ பார்சல். தோளில் பெல்ட்.

“பாய்... அப்ப மேல யாரு?”

கயிறு ஆடியது. மூன்று இழுப்பு. இந்த முறை அவசரமாக.

காத்தான் விட்டுவிட்டான்.

சர்ர்ர்ர்...

உள்ளங்கை கிழிந்தது.

எதுவும் விழவில்லை.

7:40-க்குப் பனி விலகியது. உச்சியில் தட்டு இருந்தது, நாலு போல்ட்டும் முறுக்கி. ஆள் இல்லை.

மத்தியானம், கரையில் ஆடு மேய்க்கும் செல்வமேரி சொன்னாள். “நாலு வருசம் முன்னாடி, பழைய ஆன்டெனா மாட்டறப்ப ஒருத்தர் செத்தாருங்க. அம்மாசின்னு பேரு. கயித்துல இறக்கிட்டிருந்தாங்க. கீழ நின்னவன் பாம்பைப் பார்த்து விட்டுட்டு ஓடிட்டான்.”

காத்தான் கைக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாம்பைக்கூடப் பார்க்கவில்லை அவன்.

அம்மாசியைத் தரை வரைக்கும் இறக்கிவிட வேண்டியது பாக்கி. அது காத்தான் பட்ட கடன். இன்னும் தீரவில்லை.