டேங்க் மேல் ஏறி எடுத்த போட்டோ

போன வருடம் ஓணம் லீவு முடிந்த வாரம் நடந்தது இது. சூரியநெல்லியில் நாங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேயில் விருந்தாளிகளை அனுப்பிவிட்டு, படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தேன். போனில் சத்தம் கேட்டது. இணையத்தில் எங்கள் பக்கத்தில் யாரோ ஒற்றை ஸ்டார் போட்டிருந்தார்கள். “போட்டோவில் மலை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் டேங்க். சுத்த ஏமாற்று.” அவ்வளவுதான் எழுதியிருந்தது. எழுதியவருக்குப் படமும் இல்லை, முழுப் பெயரும் இல்லை, ஒரே ஓர் எழுத்து.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. நானும் வீட்டுக்காரரும் எஸ்டேட் வேலையை விட்டு வந்து கட்டிய இரண்டே அறைகள். எங்கள் சாப்பாடு அதில்தான். வெளியூர்க்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தா வருகிறார்கள்? ஸ்டாரைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பூஜா லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஒரு குடும்பம் அன்று மத்தியானமே “வரலை” என்று சொல்லிவிட்டது.

யார் வேலை இது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. எங்களுக்குக் கீழே ரோடு வளைவில் இன்னொருத்தி ஹோம்ஸ்டே வைத்திருக்கிறாள். ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்களைவிட அதிக ஸ்டார். போதாக்குறைக்கு வாலிபாலில் எங்களுக்கு எதிர் டீம். தேயிலை எஸ்டேட்டில் எங்கள் பகுதி மேல் டிவிஷன், அவளுடையது கீழ் டிவிஷன். கிறிஸ்துமஸ் போட்டியில் வருடா வருடம் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மூஞ்சி. அவளேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஓங்கி அடித்தால் அதைவிட ஓங்கித் திருப்பி அடிக்க வேண்டும், விளையாட்டில் கற்றதை வியாபாரத்தில் காட்டாமல் எங்கே காட்டுவது என்று நினைத்தேன். எங்கள் டீம் குரூப்பில் பேசிப் போட்டேன். “எல்லாரும் அவ பேஜ்ல போயி ஒத்த ஸ்டார் போடுங்கட்டி. தண்ணி வரல, சாயா ஆறிப்போச்சு, ரூம் சுத்தமில்லன்னு எழுதுங்க.” ஆடுகிறவர்கள் ஆறு பேர் என்றால் நான் போக ஐந்து பேர், மாற்று ஆட்டக்காரிகள் மூன்று பேர். சாயங்காலத்துக்குள் எட்டு ஸ்டாரும் விழுந்துவிட்டன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொன்றாக விழ விழ உட்கார்ந்து ரசித்தேன்.

மறுநாள் காலையில் அவளே மேடேறி வந்தாள். வந்தவள் கத்தவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. போனை என் முன்னால் நீட்டினாள். அப்போதுதான் என் மூளையின் லட்சணம் எனக்கே தெரிந்தது. எட்டு பேரும் நான் சொன்ன வரியை அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தார்கள். எட்டு பேர் படத்திலும் எங்கள் நீல ஜெர்சி. ஒருத்தி கையில் என்றோ ஜெயித்த கோப்பை வேறு.

“என்னக்கா, உங்க டீமே வந்து என் பேஜ்ல நிக்குது. சப்ஸ்டிட்யூட்டக்கூட விட்டு வைக்கல.”

“நீ போட்டியே, அதுக்குத்தான். உனக்குன்னா மட்டும் வலிக்குதோ?” என்று கத்தினேன்.

“நான் போடலக்கா. நம்பாட்டி போங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். அதுல எழுதியிருக்கது பொய்யா?”

கொடியில் கிடந்த விரிப்பை இழுத்து உதறினேன். அவளே தொடர்ந்தாள். “போன கிறிஸ்துமஸ் பைனல்ல பந்து விரல்ல பட்டுச்சுன்னு நீங்களாத்தான கையத் தூக்குனீங்க. கப்பு எங்களுக்கு வந்துச்சு. நான் பாக்குற எல்லார்ட்டயும் அதச் சொல்லிருக்கேன். அந்த அக்காதானா இதுன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.” திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் மைதானத்தில் அது வழக்கம். டிசம்பரில் மஞ்சு இறங்கிப் பனி மூடிவிட்டால் அம்பயருக்கு வலையே சரியாகத் தெரியாது, விரல் நுனி எங்கே தெரியப் போகிறது? அதனால் தடுக்கக் குதிக்கிறவள், வெளியே போகிற பந்து தன் விரலில் பட்டிருந்தால் தானே கையைத் தூக்க வேண்டும். அந்த பைனலில் கடைசிப் புள்ளிக்கு நான்தான் தூக்கினேன். எங்கள் டீமே என்னைத் திட்டித் தீர்த்தது. எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

அவள் போன பிறகும் கோபம் தணியவில்லை. கதவுகளை அறைந்து சாத்தினேன். அதே கையோடு போய் விருந்தாளி அறை ஜன்னலைத் திறந்தேன். டேங்க்! கறுப்பு டேங்க், அதற்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு வானம். போட்டோவில் இருக்கிற மலை எங்கே? ஜனவரியில் வெயில் அடித்த ஒரு காலையில் வீட்டுக்காரர் அந்த டேங்க் மேலேயே ஏறி நின்று எடுத்த படம் அது. அவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். “ஏறச் சொன்னது நீதானடி” என்றார். உண்மைதான். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே அந்த ஒற்றை ஸ்டாருக்குக் கீழே எழுதினேன். “நீங்கள் சொன்னது சரி. படம் டேங்க் மேலிருந்து எடுத்தது. அறையிலிருந்து மலை தெரியாது. தப்பு என்னுடையது.” ஜன்னலையும் டேங்கையும் படம் எடுத்து முதல் படமாகப் போட்டேன். இதைப் பார்த்த ஒரு சொந்தக்காரர், “உனக்கென்ன பைத்தியமா? நூறு பேரை வச்சு அஞ்சு ஸ்டார் போட வைக்கேன்” என்றார். வெளியே விழுந்த பந்தின் தடத்தைக் காலால் அழித்துவிட்டு உள்ளே என்று சாதிக்கிற வேலை. முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பினேன். பூஜா லீவுக்கு ஓர் அறை காலியாகவே கிடந்தது. கிடக்கட்டும்.

டீமில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, போட்டதை எடுக்க வைத்தேன். ஏழு போய்விட்டன. எட்டாவது போகவில்லை. கோப்பையோடு நிற்கிறாளே, அவள் இடையில் போனை மாற்றிவிட்டாள், பழைய கணக்கின் பாஸ்வேர்டு அவளுக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தோம். கடைசியில் கீழே ஹோம்ஸ்டே வைத்திருப்பவளின் இணையப் பக்கத்தில் என் பெயரில், என் முகம் தெரிய எழுதினேன், அந்த ஸ்டார் பொய், நான் சொல்லித்தான் போட்டார்கள் என்று. கீழே போய் அவளிடமும் சொன்னேன். “சரிக்கா” என்றாள்.

இப்போதும் எந்த வெளியூர்க்காரர் அவள் பக்கத்தைத் திறந்தாலும் அந்த நீல ஜெர்சியும் அந்த ஒற்றை ஸ்டாரும் அங்கே இருக்கின்றன. கோப்பை கைவிட்டுப் போனபோதுகூட வராத கோபம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது, அது யார் மேல் என்பதில் மட்டும் இப்போது சந்தேகமே இல்லை.