பாலத்தடியில் பெரியம்மா

எங்கள் பெரியம்மா நல்ல கனம். அவர் உயிரோடு இருந்தவரை இதை வாய்விட்டுச் சொல்ல ஜிந்துப்பிட்டியில் ஒருவருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. அந்தக் கனத்தை ஒரு குடும்பமே கையெடுத்துக் கும்பிட்ட நாள் ஒன்றும் உண்டு.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாரு ஓட்டினார். தட்டையான அடியும் ஓலைக் கூரையும் கொண்ட சரக்குப் படகுதான் பாரு. களனி கங்கைப் பக்கமிருந்து செங்கல்லும் கூரை ஓடும் ஏற்றி, மூங்கில் தடியை ஊன்றித் தள்ளித் தள்ளியே கால்வாய் வழியாகக் கொழும்புக்குக் கொண்டுவருவார். புறக்கோட்டைக் கடையொன்றில் பெரியம்மா கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலுக்குப் போனதே பெரிய குற்றம். போன இடத்தில் ஆற்றங்கரைச் சிங்களப் பெண் ஒருத்தியைக் கல்யாணமும் செய்துகொண்டாரே, அது அடுத்த குற்றம். மாமாவைத் தூக்கி வளர்த்தவர் பெரியம்மாதான். அவன் படகிலும் என் கால் படாது, அவன் வாசலிலும் என் கால் படாது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து மாமா வந்தால் தெருக்குழாயோடு நின்றுவிடுவார். நாங்கள்தான் ஓடிப்போய் அவர் சட்டைப்பையில் கைவிட்டு இனிப்பு எடுப்போம்.

மழை விடாமல் கொட்டிய ஒரு பின்னேரம், மாமா குழாயைத் தாண்டி நேரே எங்கள் வாசலுக்கே ஓடி வந்தார்.

“அக்கா, பாலத்துல கூரை முட்டுது. ரெண்டு வெரல்தான். ஆளுக ஏறினா படகு அமுங்கும், தாண்டிரலாம். இருட்டுறதுக்குள்ள ஆத்துக் கதவ மூடப்போறாங்களாம். அவ அங்க தனியா இருக்கா.”

கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் ஒரு கதவு உண்டு. ஆறு பெருகினால் ஊருக்குள் வெள்ளம் வராமல் அதை மூடிவிடுவார்கள். அதன் பிறகு உள்ளே இருக்கும் படகு உள்ளேதான். மாமாவின் வீடோ கதவுக்கு அப்பால், தாழ்ந்த கரையில். வெள்ளம் வந்தால் முதலில் அந்தக் கரை றோட்டுத்தான் மூழ்கும். அத்தைக்கு நிறைமாதம். அவரை மேட்டுக்குக் கொண்டுபோக மாமாவிடம் இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். வெள்ளப் பயத்தில் கடைக்காரர்கள் யாரும் திரும்பும் படகில் மூட்டை ஏற்றவில்லை. அதனால் அது வெறும் வயிற்றோடு தண்ணீரில் மேலே மிதந்து, பாலத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

“தண்ணிய அள்ளி ஊத்துங்களேன்” என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

“அது ஒரு எடத்துல நிக்குமாண்ணே? ஒரு பக்கமா ஓடிப் படகக் கவுத்துரும்.”

பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: “மூட்டைக்குப் பதிலா மனுசங்கள ஏத்துறானாமா? நல்லா கேட்டுக்கோ!”

அம்மா செருப்பை மாட்டினார். தையல்காரர் வந்தார், சலவைக்கடைக் குடும்பம் வந்தது, கேள்விப்பட்டவர்கள் எல்லாம் வந்தார்கள். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அடேயப்பா, சும்மா படகுச் சவாரி! கூரைக்கடியில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து உட்கார்ந்தோம். மாமா தடியை ஊன்றினார். கூரையின் மரச்சட்டம் கறகறவென்று பாலத்தை உரசி நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் தாழ வேண்டும். காலையில் பாண் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேனே, முழுசாகத் தின்றிருந்தால் இன்னும் கனத்திருப்பேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கரையில் பெரியம்மாவைப் பார்த்தோம். கையில் துணிப்பை, தலையில் சாக்கு, முகத்தில் கடுகடுப்பு. ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. யாரோ களுக்கென்று சிரிக்க, பெரியம்மா முறைத்த முறைப்பில் சிரிப்பு அடங்கிப்போனது. மாமா தடியில் நெஞ்சை வைத்துத் தள்ளினார். இருட்டு எங்கள் தலைக்கு மேலே ஊர்ந்து போனது. மறுபக்கம் மழை முகத்தில் அடித்தபோது நாங்கள் போட்ட கூச்சல் கொட்டாஞ்சேனைக்கே கேட்டிருக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் படியில் எல்லோரும் இறங்கினோம். பெரியம்மா மட்டும் இறங்கவில்லை.

“இன்னும் பாலம் இருக்கும்ல. நான் இருக்கேன்” என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இருக்குக்கா” என்றார்.

தூரத்தில் கதவுக்காரர் “இக்மன்! இக்மன்!” என்று கத்தி அவசரப்படுத்துவது கேட்டது. மாமா தடியை ஊன்றினார்.

அம்மா அன்றிரவு தூங்கவே இல்லை. மறுநாள் மாமா நனைந்த கோழி மாதிரி வந்து நின்று, “பொண்ணு! படகுலயே பொறந்துருச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார். வெள்ளம் வீட்டுக் கூரைவரை வந்துவிட்டதாம். அம்மா ஓவென்று அழுதார். அது சந்தோஷம்தான் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. தெரு முழுக்கத் தேத்தண்ணீர் ஓடியது. வெள்ளம் வடிந்த பிறகுதான் பெரியம்மா திரும்பி வந்தார்.

தெருப் பிள்ளைகளிடம் நான் அடித்த பீற்றலைக் கேட்க வேண்டுமே! எங்கள் பெரியம்மா இல்லையென்றால் அடுத்த பாலத்தில் மாமா மாட்டியிருப்பார் என்று ஆணையிட்டுச் சொன்னேன். பெரியம்மா அதைக் கேட்டும் மறுக்கவில்லை, புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தார்.

வளர்ந்த பிறகு, அன்று படகில் பிறந்தவளின் கல்யாணத்துக்காக அந்தக் கால்வாய்க் கரை வழியே ஆற்றுவரை போனேன். எங்கள் பாலத்தைத் தாண்டினால், மாமாவின் வீடுவரை வேறு பாலமே இல்லை.