ஆமென் தெரியாத நாய்

என் மகளுக்குப் பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தோழிகளோடு ஊருக்கு வெளியே இருக்கும் நாய்க் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுகிறாள், சோறு வைக்கிறாள். போன வாரம், மழைக்கு முந்திய அந்தப் புழுக்கத்தில், முழுக்கைச் சட்டையோடு சாப்பிட வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்துச் சட்டையை ஏற்றிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு புள்ளிகள். கடித்து மூன்று நாளாகியிருந்தது.

அன்றைக்கே ஊசி போட ஆரம்பித்தாயிற்று. கடித்த நாயும் காப்பகத்தில் கண் முன்னால்தான் நிற்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். மகளும் பயப்படவில்லை. நான்தான் இன்னும் பயந்துகொண்டு இருக்கிறேன். ஏனென்றால், அந்த முழுக்கைச் சட்டை யோசனை எனக்குப் பழையது. பத்து வயதில் நானும் அதைத்தான் செய்தேன்.

அந்த முழுப்பரீட்சை விடுமுறைக்கு, களக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். சித்தி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சித்தப்பா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பத்தொரு நாய்கள் இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொந்தக்காரர்களைச் சித்திக்குப் பிடிக்காது. "பிள்ளைக்குப் பதிலா யாராவது நாய் வளப்பாங்களா? நாய்க்காவத்தான் நாய் வளக்கேன்" என்பாள்.

வீட்டுக்குப் பின்னால் வாழைத்தார் அடுக்குவதற்காகக் கட்டிய பழைய ஓட்டுக் கொட்டகைதான் காப்பகம். பஸ்ஸில் அடிபட்டவை, காட்டுப்பன்றி வயிற்றைக் கிழித்தவை, வீடு மாற்றிப் போனவர்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனவை எல்லாம் அங்கே வந்து சேரும். காலையில் பினாயில் ஊற்றித் தரையைக் கழுவுவோம். சித்தப்பா வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு புண்ணாகப் பார்த்து வேப்பெண்ணெய் தடவுவார். பத்து மணிக்கு உவரி மீன்காரர் எம்.எயிட்டி வண்டியில் வந்து மீன் தலைகளைக் கொட்டிவிட்டுப் போவார். குருணையோடு அவற்றைப் போட்டு அண்டாவில் வேக வைத்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும்.

சோற்றைத் தட்டுகளில் பங்கு வைத்ததும் சித்தி கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். ஜெபம் முடிகிறவரை ஒரு நாயும் தட்டில் வாய் வைக்கக் கூடாது. வைக்கவும் செய்யாது. முப்பத்தொரு நாயும் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். "ஆமென்" என்று சொன்னதும் முப்பத்தொரு தலையும் தட்டுக்குள் இறங்கும். ஒரு முறை வீட்டுக்கு வந்த சபை உபதேசியார், தாமே ஜெபிப்பதாகச் சொல்லி ஆரம்பித்து, ஊர் உலகத்துக்கெல்லாம் மழை கேட்டு, ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஓர் ஆமென் போட்டார். முதல் ஆமெனிலேயே தட்டுகள் காலி. அவர் கண்ணைத் திறந்தபோது நாய்கள் அவருடைய செருப்பை முகர்ந்துகொண்டிருந்தன.

இன்னொரு சட்டமும் உண்டு. புதிதாக வரும் நாய், ஓரமாக இருக்கும் சின்ன அறையில் பத்து நாள் தனியாக இருக்க வேண்டும். சித்தப்பாவைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. பத்து நாள் தாண்டாத நாய்க்குப் பெயரும் கிடையாது. "உள்ள காலு வச்சேன்னா அன்னைக்கே பஸ் ஏத்திருவேன் பாத்துக்கோ" என்று சித்தி என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அந்த அறையில் இருந்தது ஒரு செவலை நாய். இடது காது பாதி இல்லை. கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு. வந்து இரண்டு நாள்தான். சித்தப்பா உள்ளே தட்டை வைத்ததும், ஜெபம் தொடங்குவதற்கு முன்னாலேயே அது தின்று முடித்துவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். இந்த அறியாத பிராணிக்கு நான்தான் ஒழுங்கு சொல்லித்தர வேண்டும் என்று தீர்மானித்தேன்.

சித்தி குளிக்கப் போன நேரத்தில் ஒரு தட்டில் சோற்றை எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளை விலக்கி உள்ளே போனேன். தட்டைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடினேன். உபதேசியார் மாதிரியே ஆரம்பித்து மழை கேட்டேன், நாங்குநேரித் தாலுகாவுக்குச் சமாதானம் கேட்டேன். பட்டினி கிடந்த அந்த நாய் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? ஆமெனுக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. என் முழங்கைக்குக் கீழே தீப்பட்டது போல இருந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைச் சாத்த மறந்துவிட்டேன்.

நாய் போய்விட்டது. "நாந்தான் தாப்பாளச் சரியாப் போடலியோ" என்று சித்தப்பா தம்மையே நொந்துகொண்டார். நான் முழுக்கைச் சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தேன்.

நாலாம் நாள் சித்தி எண்ணெய் தேய்த்துவிடச் சட்டையைக் கழற்றினாள்.

"என்னலே இது?"

"முள்ளு கீறிட்டு சித்தி."

"ஏலே, முள்ளு ரெண்டு புள்ளி வச்சா கீறும்?"

நான் அழ ஆரம்பித்தேன். விஷயம் எல்லாம் வெளியே வந்தது. அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் சித்தி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணம் சரிந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெய் வீணாகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்றே ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி தொடங்கியது. தினம் ஒன்று, மொத்தம் பதினான்கு. மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஏட்டி, அந்த நாய எங்க?"

"ஓடிட்டுக்கா. தேடுதோம்."

"முப்பது நாயக் கட்டிக் காக்கத் தெரியுது. எம்பிள்ளை ஒருத்தனப் பாக்கத் தெரியலியேட்டி ஒனக்கு." அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

ஆனால் என்னிடம் எல்லாரும் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். முக்கியமாகத் தண்ணீர் விஷயத்தில். அம்மா ஒரு டம்ளர் கொண்டுவருவாள். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் சித்தி ஒரு செம்போடு வருவாள். நான் குடிக்கும்போது என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வயிறு உப்பிவிட்டது என்றாலும் விடமாட்டார்கள். "வெயில்லா அடிக்கி, குடிலே" என்பாள் அம்மா. நான் கடைசி மடக்கை விழுங்கியதும் ஸ்தோத்திரம் என்று முணுமுணுப்பாள். தண்ணீர் குடிப்பதற்கெல்லாம் ஆண்டவருக்கு நன்றி சொல்கிற அளவுக்கு அம்மா பக்தியாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

சித்தப்பா மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பச்சையாற்றுக் கரை, வாழைத்தோப்புகள், செங்கல் சூளைகள் என்று அந்தச் செவலையைத் தேடினார். மீன்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஊசி போட்டுப் படுத்திருப்பவன் நான். இவர் கடித்த நாய்க்காக அலைகிறாரே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அது செத்துப்போயிருக்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் ரகசியமாக ஜெபித்தேன். இப்போது அந்த ஜெபத்தை நினைத்தால் உடம்பு குளிர்ந்துவிடுகிறது.

கடித்துப் பன்னிரண்டாம் நாள் காலையில் எம்.எயிட்டி ஹாரன் விடாமல் அடித்தது. மீன்காரர் பின்னால் கட்டியிருந்த பெட்டியின் மூடி துள்ளிக்கொண்டிருந்தது.

"இந்தாரும் வே, உம்ம நாய். சிங்கிகுளம் விலக்குல டீ குடிக்க எறங்குனேன். திரும்பிப் பாத்தா பெட்டிக்குள்ள நிக்கி. அப்படியே மூடிட்டுல்லா வாரேன்!"

சித்தப்பா பெட்டியைப் பார்த்தபடி கேட்டார்: "தீனி தின்னுதா அண்ணாச்சி?"

"தீனியா? நாலு சூரை மீனக் காணோம்!"

"தண்ணி... தண்ணி குடிச்சுதா?"

"ஐஸ் உருகுன தண்ணியப் பூராவும் நக்கிட்டு இருக்கு, மூடியத் தொறந்து பாரும்."

சித்தப்பா மூடியைத் திறந்தார். அரைக்காது செவலை, மூக்கில் மீன் செதிலோடு, எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. சித்தப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு நாய்க்காக ஓர் ஆண்பிள்ளை இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாய்களைக் கண்டாலே சேலையைத் தூக்கிப் பிடிக்கிற அம்மா, அடுக்களைக்குள் போய் எங்களுக்காக வைத்திருந்த சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்து அதன் முன்னால் வைத்தாள். எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. "சித்தி, ஜெபம்?" என்றேன்.

"மொதல்ல அது தின்னட்டும்லே. ஜெபம் பெறகு பண்ணிக்கிடலாம்" என்றாள் சித்தி. அம்மா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பத்து நாள் தாண்டிவிட்டதால் நாய்க்கு அன்றே பெயரும் கிடைத்தது. அம்மாதான் வைத்தாள். ராசா.

கடித்துப் பத்து நாள் தாண்டியும் நாய் நன்றாக இருக்கிறது, மறுநாளிலிருந்து ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தோடு தண்ணீரும் நின்றுபோயிற்று. மத்தியானம் எல்லாரும் ராசாவைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாகம் எடுத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நானே போய்ப் பானையில் மொண்டு குடித்தேன். நாய் வந்ததும் என் மேல் இருந்த பிரியம் போய்விட்டது என்று பானைப் பக்கத்தில் நின்று அழுதேன்.

வெறிநாய்க் கடி முற்றியவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். படித்ததை ஒரு செய்தியாகத்தான் தெரிந்துகொண்டேன். போன வாரம்தான் அது எனக்கு விளங்கியது.

நேற்று மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"எப்பா, காலையில இருந்து இது ஏழாவது. எதுக்கு இப்படித் தண்ணியாக் குடுத்துட்டே இருக்கீங்க? நான் குடிக்கத வேற உத்து உத்துப் பாக்கீங்க."

"வெயில்லா அடிக்கி, குடிம்மா" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மூன்று நாளாக விடாத மழை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, மடக் மடக்கென்று குடித்து முடித்தாள்.